வாடும் அந்தூரியம்: காரணத்தை அறிதலும் தாவரத்தை மீட்டெடுத்தலும்

ஒரு வீட்டின் விறாந்தையில் இரண்டு அந்தூரியச் சாடிகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றைச் சாடி அ, சாடி ஆ என அழைப்போம். இரண்டிலும் இலைகள் சோர்ந்து தொங்குகின்றன. கீழ் இலைகள் மஞ்சள் நிறமாக மாறியுள்ளன. வீட்டிலுள்ளவர்கள் பார்த்துவிட்டு, “தண்ணீர் காணாது” என்று கூறி, காலையும் மாலையும் இரண்டிற்கும் ஒவ்வொரு கோப்பை நீர் ஊற்றுகின்றனர். மூன்று நாட்களின் பின் சாடி அ இலுள்ள தாவரம் நிமிர்ந்து நிற்கின்றது. சாடி ஆ இலுள்ள தாவரமோ மேலும் சோர்ந்து, அடித்தண்டு மென்மையாகிச் சரிந்துவிடுகின்றது.

அறிகுறி ஒன்றே, செய்த சிகிச்சையும் ஒன்றே. ஆனால் ஒன்று பிழைத்தது, மற்றையது இறக்கும் நிலைக்கு வந்தது. இதற்குக் காரணம் என்ன?

இவ்வினாவிற்கு விடையளிக்க வேர், நீர், சுவாசம் என்பன பற்றி நீங்கள் விஞ்ஞானத்திலும் விவசாயத்திலும் கற்றவை போதுமானவை. ஒரே அறிகுறி எதிரெதிரான இரண்டு காரணங்களால் தோன்றலாம். ஆகவே இலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாது, ஊடகத்தையும் வேரையும் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். இப்பாடத்தில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய முதன்மைக் கருத்து இதுவாகும்.

1. அந்தூரியம் எவ்வாறான தாவரம்?

ஒரு தாவரத்தைப் பராமரிக்க முன்னர் அது இயற்கையில் எங்கே வளர்கின்றது என்பதை அறிதல் வேண்டும். நாம் பூவிற்காக வளர்க்கும் அந்தூரியம் அன்ட்ரீயானம் என்னும் இனம் தென் அமெரிக்காவின் கொலம்பியா, ஈக்குவடோர் ஆகிய நாடுகளின் ஈரலிப்பான காடுகளுக்கு உரியது. 1876 ஆம் ஆண்டில் எடுவார்ட் ஆந்திரே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொலம்பியாவில் இதனைச் சேகரித்தார். இனப்பெயரும் அவரது பெயரிலிருந்தே வந்தது. சேம்பு, கருணை, மணி பிளாண்ட் ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நாம் ‘பூ’ எனக் கூறும் பளபளப்பான சிவப்புத் தட்டு உண்மையில் திரிபடைந்த ஓர் இலையாகும். அதன் நடுவே விரல்போல் நீண்டிருக்கும் பகுதியிலேயே மிகச் சிறிய பூக்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. நன்கு வளர்ந்த தாவரத்தில் பொதுவாக ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூந்துணர் தோன்றும். எனவே இலைகளை இழக்கும் தாவரம் பூக்களையும் இழக்கின்றது.

காட்டில் இத்தாவரம் பெரும்பாலும் மரங்களின் மீது மேலொட்டியாக வளர்கின்றது. இதனால் பின்வரும் இயல்புகள் ஏற்படுகின்றன.

(அ) வேர்கள் தடிப்பானவை. வளியோட்டம் மிக்க இடத்தில் வாழப் பழகியவை.
(ஆ) மழை நீர் வேர்களை நனைத்து உடனே வடிந்துவிடும், தேங்கி நிற்பதில்லை.
(இ) மேலே மர விதானம் இருப்பதால் நேரடி வெயில் படுவதில்லை. செய்கையில் 70–80% நிழல் வழங்கப்படுவது இதனாலாகும்.
(ஈ) சூழலின் ஈரப்பதன் உயர்வானது, கடுங்குளிர் இல்லை.

சாடியில் வளரும் அந்தூரியத்திற்கு ஏற்படும் பிரச்சினைகளுட் பெரும்பாலானவை இந்நான்கில் ஏதாவதொன்று கிடைக்காமையால் ஏற்படுபவை.

2. இலை ஏன் வாடுகின்றது?

இலைக் கலங்களினுள் போதிய நீர் இருக்கும்போது கலவுள்ளடக்கம் கலச்சுவரை வெளிநோக்கி அழுத்துகின்றது. இவ்வமுக்கத்தாலேயே மென்மையான இலையும் இலைக்காம்பும் விறைப்பாக நிற்கின்றன. காற்று நிரப்பிய சைக்கிள் ரியூப்பை இதற்கு ஒப்பிடலாம்.

இலைவாய்களினூடாக ஆவியுயிர்ப்பினால் நீர் தொடர்ந்து இழக்கப்படுகின்றது. வேர்கள் அகத்துறிஞ்சும் நீர் காழினூடாக மேலேறி இவ்விழப்பை ஈடுசெய்கின்றது. இழக்கப்படும் நீர் அகத்துறிஞ்சப்படும் நீரிலும் கூடும்போது கலங்களின் விறைப்புக் குறைந்து இலை வாடுகின்றது.

ஆகவே வாடல் என்பது “மண்ணில் நீர் இல்லை” என்பதைக் காட்டும் அறிகுறியன்று. அது “இலைக்குப் போதிய நீர் வந்து சேரவில்லை” என்பதை மட்டுமே காட்டுகின்றது. நீர் வந்து சேராமைக்கு இரு காரணங்கள் இருக்கலாம்.

(அ) ஊடகத்தில் நீர் இல்லை.
(ஆ) ஊடகத்தில் நீர் உண்டு. ஆனால் அதனை அகத்துறிஞ்ச ஆரோக்கியமான வேர் இல்லை.

3. நீர் நிறைந்த சாடியில் தாவரம் வாடுவது எவ்வாறு?

நல்ல வளர்ப்பு ஊடகத்தில் துணிக்கைகளுக்கு இடையே வளி நிறைந்த வெளிகள் உண்டு. வேர்க்கலங்கள் சுவாசத்திற்கான ஒட்சிசனை இவ்வளியிலிருந்தே பெறுகின்றன. நீர் தேங்கும்போது வளி வெளியேறி அவ்வெளிகளை நீர் நிரப்புகின்றது. ஒட்சிசன் வளியிற் பரவும் வேகத்துடன் ஒப்பிடுகையில் நீரிற் பரவும் வேகம் ஏறத்தாழ 10 000 மடங்கு குறைவானது. எனவே வேர்கள் பயன்படுத்தி முடித்த ஒட்சிசனுக்குப் பதிலாகப் புதிய ஒட்சிசன் வந்து சேர்வதில்லை.

அதன் பின் நிகழ்பவற்றைப் படிமுறையாக நோக்குவோம்.

ஒட்சிசன் குறைகின்றது → வேரில் காற்றுச் சுவாசம் குறைகின்றது → கிடைக்கும் சக்தி குறைகின்றது → கனியுப்புகளின் உயிர்ப்பான அகத்துறிஞ்சல் குறைகின்றது → வேர்க்கலங்கள் இறக்கின்றன → ஈரலிப்பை விரும்பும் பங்கசு போன்ற நோயாக்கிகள் தொற்றி வேர் அழுகுகின்றது → நீர் அகத்துறிஞ்சப்படுவதில்லை → இலை வாடுகின்றது.

இந்நிலையில் மேலும் நீர் ஊற்றினால் எஞ்சியிருக்கும் சில வேர்களும் ஒட்சிசனை இழக்கும். சாடி ஆ இல் நிகழ்ந்தது இதுவேயாகும். அத்தாவரம் நீரின்மையால் வாடவில்லை. நீரின் மத்தியில் மூச்சுத்திணறி வாடியது எனலாம்.

4. நோயறிதல்: நான்கு சோதனைகள்

நீர் ஊற்ற முன்னர் பின்வரும் சோதனைகளைக் குறிப்பிட்ட ஒழுங்கிற் செய்க. இவற்றுக்கு உபகரணம் எதுவும் தேவையில்லை.

முதலாவது, விரற் சோதனை. சுட்டுவிரலை ஊடகத்தினுள் 2–3 சென்ரிமீற்றர் ஆழத்திற்குச் செலுத்துக. மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கலாம்.

இரண்டாவது, நிறைச் சோதனை. சாடியைத் தூக்கிப் பார்க்குக. உலர்ந்த சாடி பாரமற்றிருக்கும். நீரூற்றி நன்கு வடிந்த பின்னர் ஒரு தடவை தூக்கிப் பார்த்து அப்பாரத்தை நினைவில் வைத்திருந்தால் ஒப்பிடுதல் எளிதாகும்.

மூன்றாவது, மணச் சோதனை. வடிதுளைக்கு அருகில் முகர்ந்து பார்க்குக. அழுகல் மணம் இருப்பின் உள்ளே வளியில்லை என ஊகிக்கலாம்.

நான்காவது, வேர்ச் சோதனை. முதல் மூன்றிலும் நீர் மிகை எனத் தெரிந்தால் தாவரத்தை ஊடகத்துடன் மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பார்க்குக. ஆரோக்கியமான வேர் வெண்மை அல்லது இளமஞ்சள் நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கபில நிறமாக, வழுவழுப்பாக இருக்கும். விரல்களால் இழுக்கும்போது அதன் வெளித்தோல் கழன்று நடுவிலுள்ள நார் மட்டும் எஞ்சும்.

இரு சாடிகளிலும் பெறப்படும் அவதானங்களை ஒப்பிடுவோம்.

சாடி அ (நீர்க் குறைவு): ஊடகம் உலர்ந்து சாடியின் சுவரை விட்டு விலகியுள்ளது, சாடி பாரமற்றது, இலை நுனியும் விளிம்பும் மொறுமொறுப்பாகக் காய்ந்துள்ளன, வேர் உறுதியானது.

சாடி ஆ (நீர் மிகை): ஊடகம் சேறுபோல் உள்ளது, சாடி பாரமானது, கீழ் இலைகள் மென்மையாகி மஞ்சளாகியுள்ளன, அழுகல் மணம் உண்டு, வேர் கபில நிறமானது.

5. ஏனைய அறிகுறிகளை வாசித்தல்

எல்லாப் பிரச்சினைகளும் நீரினால் ஏற்படுபவை அல்ல. அறிகுறி எந்த இலையில், இலையின் எப்பகுதியில் தோன்றுகின்றது என்பதைக் கவனித்தல் முக்கியமானது.

ஒளி மிகை: வெயில் படும் பக்கத்து இலைகளில் மட்டும் வெளிறிய அல்லது கருகிய திட்டுகள் தோன்றும்.

ஒளிக் குறைவு: இலைக்காம்புகள் அளவுக்கு மீறி நீண்டு ஒளி வரும் திசைக்குச் சாயும், புதிய இலைகள் சிறியனவாகும், பூப்பது நின்றுவிடும். நிழலை விரும்பும் தாவரம் என்பதால் இருளான அறையில் வைக்கலாம் என எண்ணுதல் தவறாகும். ஒளித்தொகுப்பிற்கு ஒளி அவசியமாகும்.

வறண்ட காற்று: ஊடகம் ஈரமாகவும் வேர் நலமாகவும் இருக்க, இலை விளிம்பு மட்டும் காய்கின்றது. கச்சான் காற்று வீசும் காலத்தில் கிழக்கு மாகாணத்திலும், வளிச்சீராக்கி இயங்கும் அறைகளிலும் இதனை அவதானிக்கலாம்.

குளிர்: வெப்பநிலை 10 பாகை செல்சியசு அளவிற்குக் குறையும்போது இலைகள் பாதிப்படையும். நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களின் குளிர் இரவுகளில் சாடிகளை வீட்டினுள் வைத்தல் நன்று.

போசணைக் குறைபாடு: நைதரசன் தாவரத்தினுள் இடம்பெயரக் கூடிய மூலகம். குறைபாடு ஏற்படும்போது தாவரம் முதிர்ந்த இலைகளிலிருந்து அதனை இளம் இலைகளுக்கு அனுப்புவதால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். மகனீசியமும் இடம்பெயரும், அதன் குறைபாட்டில் முதிர்ந்த இலைகளின் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். இரும்பு எளிதில் இடம்பெயராது. ஆகவே இளம் இலைகளின் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியே மஞ்சளாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைகளினூடாக வருவதால் வன்மையானது. அதனைத் தொடர்ந்து ஊற்றும்போது ஊடகத்தின் காரத்தன்மை கூடி, இரும்பு இருந்தும் தாவரத்திற்குக் கிடைக்காது போகலாம். இயன்றவரை மழைநீரைச் சேகரித்துப் பயன்படுத்துவது இதற்கு நல்ல தீர்வாகும்.

பசளை மிகை: சாடியின் விளிம்பிலும் ஊடகத்தின் மேற்பரப்பிலும் வெண்ணிற உப்புப் படை காணப்படும், இலை நுனிகள் கருகும். ஊடகக் கரைசலின் செறிவு வேர்க்கலச் சாற்றின் செறிவிலும் கூடும்போது பிரசாரணம் மூலம் நீர் வேரிலிருந்து வெளியே செல்லும். வாடிய தாவரத்திற்கு “உரமாக இருக்கட்டும்” என்று பசளை இடுவது அதனை மேலும் வாடச் செய்வது இதனாலாகும்.

பீடைகள்: இலையின் கீழ்ப்பக்கத்தையும் கக்கங்களையும் பார்க்குக. வெண்பஞ்சு போன்று காணப்படுவது வெண்மூட்டுப் பூச்சி. அசையாத சிறு கபில நிறச் செதில்கள் செதிற்பூச்சிகள். நுண்ணிய புள்ளிகளுடன் மெல்லிய வலை காணப்படின் அது சிற்றுண்ணித் தாக்கமாகும்.

பற்றீரியா வெளிறல் நோய்: இலை விளிம்பில் நீர் ஊறியது போன்ற புள்ளிகள் தோன்றி, பின்னர் கபில நிறமாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் உண்டாகும். சாந்தோமொனாசு வகைப் பற்றீரியாவினால் ஏற்படும் இந்நோய் 1980 களில் ஹவாய்த் தீவுகளின் அந்தூரியச் செய்கையைப் பெரிதும் பாதித்தது. தொற்று தாவரம் முழுவதும் பரவியிருப்பின் அதனைக் காப்பாற்ற முயலாது, மற்றைய சாடிகளிலிருந்து அகற்றி எரித்துவிடுதல் வேண்டும்.

6. மீட்டெடுக்கும் முறை

நீர்க் குறைவினால் வாடிய தாவரம்

உலர்ந்து சுருங்கிய ஊடகத்தின் மேல் ஊற்றும் நீர் சுவரோரமாக வழிந்து வெளியேறிவிடும். எனவே சாடியை ஒரு வாளி நீரில் 20–30 நிமிடம் அமிழ்த்தி, குமிழ்கள் வருவது நின்றதும் வெளியே எடுத்து நன்கு வடியவிடுக. நிழலில் வைக்குக. வேர்கள் நலமாக இருப்பின் ஓரிரு நாட்களுக்குள் இலைகள் நிமிரும்.

வேர் அழுகிய தாவரம்

படி 1: நீரூற்றுவதை நிறுத்தித் தாவரத்தைச் சாடியிலிருந்து வெளியே எடுக்குக. பழைய ஊடகத்தை நீக்கி வேர்களை ஓடும் நீரிற் கழுவுக.

படி 2: கூரிய கத்தியைக் கொதிநீரில் இட்டுத் தொற்று நீக்குக. அழுகிய வேர்கள் அனைத்தையும் உறுதியான பகுதி வரை வெட்டி அகற்றுக. அந்தூரியத்தின் சாற்றில் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் உள்ளன; அவை தோலிலும் வாயிலும் எரிவை ஏற்படுத்தும். ஆகவே கையுறை அணிக அல்லது வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சிறுவர்களை அருகில் விடாதிருக்க.

படி 3: முற்றாக மஞ்சளான இலைகளையும் பூக்களையும் வெட்டுக. வேர் குறைந்த தாவரத்தால் எல்லா இலைகளுக்கும் நீர் வழங்க முடியாது. பச்சை இலைகளை விட்டுவிடுக. மீண்டும் வேர்விட வேண்டிய உணவு அவற்றிலேயே தயாரிக்கப்படுகின்றது.

படி 4: புதிய ஊடகம் தயாரிக்குக. பொச்சுமட்டைத் துண்டுகள் 2 பங்கு, ஓட்டுத் துண்டுகள் அல்லது செங்கற்றுண்டுகள் 1 பங்கு, மரக்கரித் துண்டுகள் 1 பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு 1 பங்கு என்ற கலவை பொருத்தமானது. பொச்சுமட்டைத் துண்டுகளைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின் பயன்படுத்துக. அழுகல் ஏற்பட்ட பழைய ஊடகத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது.

படி 5: எஞ்சிய வேர்த்தொகுதிக்கு அளவான, வடிதுளைகள் உள்ள சாடியைத் தெரிவு செய்க. மிகப் பெரிய சாடியில் வேர் சென்றடையாத ஊடகம் நெடுநாள் ஈரமாகவே இருக்கும். மட்சாடியாயின் சுவரினூடாகவும் நீர் ஆவியாகும் என்பதால் அது விரும்பத்தக்கது.

படி 6: நட்ட பின் ஒரு தடவை நீரூற்றி வடியவிட்டு, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்குக. ஒளிபுகும் பொலித்தீன் பையால் ஓரிரு வாரங்களுக்குத் தளர்வாக மூடிவிட்டால் ஈரப்பதன் கூடி ஆவியுயிர்ப்புக் குறையும். நாளொரு தடவை பையைச் சற்றுத் திறந்து வளி செல்லவிடுக.

படி 7: விரற் சோதனை செய்து, மேற்பகுதி உலர்ந்திருந்தால் மட்டும் நீரூற்றுக. புதிய இலை விரியும் வரை பசளை இடலாகாது. அதன் பின்னரும் பரிந்துரைக்கப்பட்ட செறிவின் அரைப்பங்கையே முதலில் பயன்படுத்துக.

எல்லா வேர்களும் அழுகியிருந்தாலும் தண்டின் மேற்பகுதி உறுதியாக இருப்பின் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தண்டின் மேற்பகுதியில் தோன்றும் காற்றுவேர்களுடன் அப்பகுதியை வெட்டிப் புதிய ஊடகத்தில் நடலாம். ஆனால் தண்டின் வளர்முனை வரை மென்மையாகி அழுகியிருந்தால் அத்தாவரத்தைக் காப்பாற்ற முடியாது.

பீடை தாக்கிய தாவரம்

தாவரத்தை மற்றையவற்றிலிருந்து வேறாக்குக. மென்மையான சவர்க்காரக் கரைசலில் நனைத்த துணியினால் இலைகளின் இரு பக்கங்களையும் துடைக்குக. முட்டைகள் பொரித்து வரக்கூடும் என்பதால் வாரம் ஒரு தடவையாக மூன்று நான்கு வாரங்களுக்கு இதனைத் தொடர்க.

7. தாவரம் மீண்டதை எவ்வாறு அறிவது?

மஞ்சளான இலை மீண்டும் பச்சையாகும் என எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அது உதிரும். அதனைக் கண்டு, சிகிச்சை பயனற்றது என முடிவு செய்தல் தவறு. புதிய இலையோ புதிய வெண்ணிற வேர் நுனியோ தோன்றுவதே மீட்சியின் உண்மையான அடையாளமாகும். இதற்குப் பல வாரங்கள் செல்லலாம்.

பாதிப்புக் கடுமையாக இல்லாதபோது ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுக. இடத்தையும் நீரையும் பசளையையும் ஒரே நாளில் மாற்றினால், தாவரம் தேறினாலும் எதனால் தேறியது என்பதை அறிய முடியாது. பரிசோதனைகளில் ஏனைய மாறிகளை மாறாது பேணுவதும் இதே காரணத்தினாலாகும்.

8. அடித்தட்டு நீரும் டெங்கும்

சாடியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகுவதுடன் டெங்கு நுளம்பும் பெருகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 180 000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். நுளம்பு முட்டையிலிருந்து நிறைவுடலியாவதற்கு ஏறத்தாழ 7–10 நாட்கள் போதும். எனவே தட்டிலுள்ள நீரை உடனே ஊற்றிவிடுவதுடன், வாரம் ஒரு தடவையாவது தட்டைத் தேய்த்துக் கழுவுக. நுளம்பு முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் நீரை ஊற்றுவது மட்டும் போதாது.

9. பயிற்சி வினாக்கள்

1. நீர் தேங்கிய சாடியிலுள்ள தாவரம் வாடுவதற்கான காரணத்தை விளக்குக.
2. இளம் இலைகளில் நரம்பிடை மஞ்சளாதல் காணப்படுகின்றது. குறைபாடாக இருக்கக்கூடிய மூலகம் எது? முதிர்ந்த இலைகளில் அது முதலில் தோன்றாமைக்குக் காரணம் யாது?
3. வாடிய தாவரத்திற்குச் செறிந்த பசளைக் கரைசல் இடலாகாது. ஏன்?
4. வேர் வெட்டப்பட்ட தாவரத்தைப் பொலித்தீன் பையால் மூடுவதன் நோக்கம் யாது?

விடைகள்

1. “நீர் கூடியதால் அழுகியது” என எழுதுவது முழுமையான விடையன்று. காரணமும் விளைவும் தொடராக அமைய வேண்டும்: ஊடகத்தின் வளிவெளிகளை நீர் நிரப்புவதால் வேருக்கு ஒட்சிசன் குறைகின்றது, சுவாசம் குறைந்து சக்தி குறைவதால் வேர்க்கலங்கள் இறக்கின்றன, அதனால் நீர் அகத்துறிஞ்சல் குறைகின்றது, ஆவியுயிர்ப்பினால் இழக்கப்படும் நீர் ஈடுசெய்யப்படாமையால் இலை வாடுகின்றது.
2. இரும்பு. அது தாவரத்தினுள் எளிதில் இடம்பெயராதது. முதிர்ந்த இலைகளில் ஏற்கெனவே உள்ள இரும்பு இளம் இலைகளுக்குச் செல்லாமையால் இளம் இலைகளே முதலில் பாதிக்கப்படுகின்றன.
3. ஊடகக் கரைசலின் செறிவு வேர்க்கலச் சாற்றின் செறிவிலும் கூடி, பிரசாரணம் மூலம் வேரிலிருந்து நீர் வெளியேறும்.
4. தாவரத்தைச் சூழ ஈரப்பதனைக் கூட்டி ஆவியுயிர்ப்பைக் குறைத்தல். இதனால் குறைந்தளவு வேர்கள் அகத்துறிஞ்சும் நீரைக் கொண்டே இலைகள் நிலைத்திருக்கும்.

நினைவிற் கொள்க: சாடித் தாவரம் வாடியிருக்கக் கண்டால் நீர்க் கோப்பையை எடுக்க முன்னர் ஊடகத்தினுள் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் வேரைப் பாருங்கள்.